விலைக்கு வாங்கிய கதை

நொத்தாரிசு சிவசுப்பிரமணியத்தின் கந்தோரில் பதின்மூன்று வருடமாகக் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சுச் செய்கிறவள் தயாளினி. யாராவது அவளிடம் "ஒரு விசயம் கேக்கலாமோ?" என்று தொடங்கினால், "கேளுங்கோ, ஆனால் நான் சொல்லமாட்டன்" என்பதுதான் முதல் பதில். என்ன கேள்வி என்று பிறகுதான் பார்ப்பாள்.

கந்தோர் நல்லூரில், கோயிலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. யாருடைய வளவு யாருக்கு ஈட்டில் கிடக்கிறது, எந்த மாப்பிள்ளைக்குச் சொன்ன சீதனம் இன்னும் எழுதப்படாமல் இழுபடுகிறது, எந்த அண்ணனும் தம்பியும் ஒரே பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டே ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுடைய விரல்வழியாகத்தான் போகும். விரலால் போனது ஒருநாளும் வாயால் வந்ததில்லை. சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற அவள் புருஷன் கோபிசங்கர், "உன்னட்டை ஊர்ப்புதினம் கேக்கிறதிலும் பாக்க நடுற வெங்காயத்திட்டைக் கேக்கலாம்" என்று அலுத்துக்கொள்வான். அதைக் கேட்டு அவள் உள்ளுக்குள் மகிழ்ந்துபோவாள். அந்த வருடம் மழை பிந்திப் பெய்து வெங்காயம் முழுக்க அழுகிவிட்டது. வீட்டு அடுப்பு அவளுடைய சம்பளத்தில்தான் எரிந்தது.

இப்படிப்பட்ட வாயிறுக்கக்காரிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொல்லுகிற வேலை வந்து வாய்த்ததைத்தான் விதியின் பகிடி என்று சொல்லவேண்டும்.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவன் நளீர். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மூன்று வயதுப் பிள்ளையாகத் தாயின் இடுப்பில் ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, பிறகு திரும்பிவந்து யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தான். கடைக்காணி உறுதி விசயமாகக் கந்தோருக்கு வந்துபோகிற நாட்களில் தயாளினியோடு பழக்கம். கொழும்புச் சினேகிதர்களிடம் பழகிய விளையாட்டு அது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், மதில் ஏறிக் குதிப்பார்கள். குதித்தவனுக்குக் கால் முறிந்ததா இல்லையா என்பதை இருபது பக்கமுள்ள பகடை சொல்லும். கதையில் வருகிற ஒருவன் பொய் சொல்லுகிறான் என்று பட்டாலும் பகடையை எறியலாம். பதினெட்டோ அதற்கு மேலோ விழுந்துவிட்டால் அவன் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆட்டம் நடந்தது வாகீசன் மாஸ்டரின் ரியூசன் கொட்டிலில். அவர் கணிதம் படிப்பிக்கிறவர். ஞாயிறு பின்னேரம் வகுப்பில்லை, தகரக் கூரையும் வாங்குமேசைகளும் சும்மா கிடக்கும். மாஸ்டருக்குப் பகடை என்றால் வேதவாக்கு. மேசையிலிருந்து தவறி விழுந்த எறி செல்லாது, விரலால் உருட்டியது செல்லாது, யாராவது வாதாடினால் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் நிகழ்தகவு வகுப்பு நடக்கும். நாலாவது ஆள் அவருடைய தங்கச்சி தனுஷா. ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, முப்பத்திமூன்று வயது, நல்லூரில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். உடுவிலில் தகப்பன் கட்டிய வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். தன் பங்கு தன் படிப்போடு போய்விட்டது என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவளும் அதை அப்படியே நம்பியிருந்தாள். ஆனால் ஆட்டத்தில் மட்டும், பூதத்தை வென்றாலென்ன, கடற்கொள்ளைக்காரனை வென்றாலென்ன, கிடைக்கிற பொன்னையெல்லாம் கொடுத்து அவளுடைய பாத்திரம் ஒரு வீடு வாங்கும். மற்றவர்கள் வாளும் குதிரையும் வாங்கும்போது அவள் இரண்டு அறையும் ஒரு கிணறும் கேட்பாள்.

"உனக்கு உலகம் முழுக்க வீடு, பிள்ளை. வரி கட்டியே சாகப்போறாய்" என்று நளீர் பகிடி பண்ணுவான்.

கதை நடத்துகிற பொறுப்பைத் தயாளினி முதல் மாதத்திலேயே பிடித்துக்கொண்டுவிட்டாள். கிழமை முழுதும் கட்டிவைத்த வாய் ஞாயிற்றுக்கிழமை அவிழ்ந்தால் கேட்கவும் வேண்டுமா! நளீருக்கு அவளுடைய கதைகள் பிடிக்கும், ஆனால் அவள் படுகிற பாடு பிடிக்காது. இந்த ஆட்டத்துக்கென்றே எழுதி, படம் போட்டு, வரைபடமும் வைத்து வெளிநாட்டில் ஆயத்தக் கதைகள் விற்கிறார்கள். கைபேசியிலேயே வாங்கிவிடலாம்.

"அக்கா, நான் கடை பூட்டி, கணக்குப் பாத்து, மூண்டு பிள்ளையளையும் படுக்கப்போட்டுப் பேந்து இருந்து கதை யோசிக்கேலுமே? அதுக்காகத்தான் ஆக்கள் தைச்ச சட்டையா வாங்கிறது. அரைக்கரைவாசி நேரம் மிச்சம். அதோடை எழுதினவங்கள் தாங்களே நூறுதரம் ஆடிப் பாத்துத்தான் விக்கிறாங்கள், எங்கை பிழைக்கும் எங்கை பிழைக்காது எண்டு அவங்களுக்குத் தெரியும்."

"கடைத்தூள் போட்டுக் கறி வைக்கச் சொல்லுறீர்" என்றாள் தயாளினி. அவள் மாமி பூரணம் மிளகாயும் மல்லியும் வீட்டிலே வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய்க் கூடவே நின்று திரித்து வருகிறவள். கடைத்தூள் பக்கற் வீட்டுப் படலை தாண்டினால் அன்றைக்கு ஒரு கலகம். அந்த வீட்டு மருமகள் வேறெப்படிப் பேசுவாள்?

ஆனால் அவள் தன் கையால் வறுத்த தூளிலும் ஒரு குறை இருந்தது. அவளுடைய கதைகளில் கந்தோர் மணத்தது. பூதம் குடியிருக்கிற மலைக்கு வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய உரித்து என்று நாலெல்லை வரும். அரக்கன் ஆளைத் தின்ன மாட்டான், பெருவிரல் அடையாளத்தைத் திருடுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதில் ஒரு வில்லங்கம் படுத்திருக்கிறது என்று அவள் நினைத்ததில்லை.

ஆவணி மாதத்து ஞாயிறொன்றில் அவள் சொன்ன கதை இது. ஆற்றங்கரைப் பட்டணமொன்றில் ஒரு வீடு. அந்த வீடு உண்மையில் ஒரு பெண்ணுக்குச் சொந்தம். அவளோ அது தெரியாமல் அடுத்த தெருவில் சட்டை தோய்த்துப் பிழைக்கிறாள். திறப்பு வேறு யாருடைய இடுப்பிலோ தொங்குகிறது. அவ்வளவுதான் சொன்னாள். தனுஷா ஆவலாக முன்னுக்குச் சரிந்தாள். வாகீசன் மாஸ்டர் பகடையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எனக்குத் தலையிடிக்குது. இண்டைக்குக் காணும்."

"மாஸ்டர், இப்பதானே தொடங்கினது?"

"காணும் எண்டால் காணும்."

போகும்போது தயாளினியைப் பார்த்த பார்வை தலையிடிக்காரன் பார்வையாக இல்லை. களவு போன வீட்டுக்காரன் அயலவனைப் பார்க்கிற பார்வை அது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புதன்கிழமை விளங்கியது. கடைசிக் கட்சிக்காரர் போனபிறகு சிவசுப்பிரமணியம் ஐயா உள்ளறையிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, கதவைச் சாத்திப்போட்டு வா."

சாத்திவிட்டு வந்து நின்றாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ தீர்ப்பு எழுதிவிட்டார் என்று அர்த்தம்.

"நீ ஞாயிற்றுக்கிழமையளிலை எங்கையோ கதை சொல்லுறியாம்."

"அது ஒரு விளையாட்டு, ஐயா."

"கண்டறியாத விளையாட்டு! அந்த ரியூசன் மாஸ்டர் வந்து முறைப்பட்டுப்போட்டுப் போறான். கந்தோர் விசயத்தைக் கதையாக்கி ஆக்களுக்கு விளம்புறியாம்."

"எந்த விசயம், ஐயா?"

"எந்த விசயமோ? தகப்பன் நடராசா அந்தப் பெட்டைக்கு உடுவில் வீட்டை எழுதின நன்கொடை உறுதி. ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரி நிக்கிறாய்!"

 தயாளினிக்கு அது உண்மையிலேயே தெரியாது. இந்த நிமிடம் வரைக்கும் தெரியாது.

"ஐயா, அது நான் இஞ்சை வர முதல் எழுதினதாக்கும். நான் காணேல்லை."

"காணாமலே கதை வந்தது? பழைய அலுமாரியைக் கிளறியிருக்கிறாய். கேளாத ஆளுக்கு நாங்களாப் போய் ஒண்டும் சொல்லுறேல்லை, அதுதான் இந்தக் கந்தோரின்ரை ஒழுங்கு. இன்னொருக்கா உப்பிடி ஒரு முறைப்பாடு வந்தால் நீ வேறை இடம் பாத்துக்கொள்ளவேணும். வாயிறுக்கமில்லாத கிளாக்கை வைச்சு நான் என்ன செய்ய?"

அவள் வெளியே வந்தாள். பழைய அலுமாரித் திறப்பு அவளுடைய மேசை லாச்சியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பப் போய் ஐயாவின் மேசையில் வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

சண்டிலிப்பாய்க்குப் போகிற வழியெல்லாம் ஒரே சந்தேகம். முதலில் மாஸ்டர்மேல். மடியில் கனமில்லாதவன் ஒரு கட்டுக்கதைக்கு ஏன் பயப்படவேண்டும்? பிறகு தன்மேலேயே. பதின்மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் உறுதிகள். அதில் எங்காவது நடராசா என்ற பெயர் கண்ணில் பட்டு, மனதின் அடியில் கிடந்து, கதையென்று மேலே மிதந்து வந்திருக்குமா? சத்தியம் பண்ண அவளால் முடியவில்லை. கடைசியாக ஐயாமேல் வந்து நின்றது சந்தேகம். மாஸ்டர் "கந்தோர் விசயம்" என்றுதான் முறைப்பட்டிருப்பார். நன்கொடை உறுதி, உடுவில் வீடு, பெட்டைக்கு எழுதியது என்று ஒவ்வொன்றாக அவளுக்குப் புட்டுப்புட்டு வைத்தவர் வாயிறுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த அந்த மனிதர்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் சுகமாகக் கதிரையில் இருக்க, பழி கிளாக்கின் தலையில் விழுந்தது. அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது.

ஆத்திரம் ஆறியபிறகு அதைவிடப் பெரிய தொல்லை தெரிந்தது. நேற்றுவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது, எதையும் சொல்லலாம். இன்று தெரியும். இனி அவள் ஒரு வீட்டைக் கதையில் வைத்தால் அது உடுவில் வீடு. ஒரு பெட்டியை வைத்தால் அதற்குள் நடராசாவின் உறுதி. வேண்டுமென்றே ஒன்றையும் வைக்காமல் விட்டால் அந்த வெறுமையையும் மாஸ்டர் மோப்பம் பிடிப்பார். எதிரே தனுஷா முகவாயில் கைவைத்துக்கொண்டு இருப்பாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கதை கட்டுவது? சொன்னால் வேலை போகும், வீட்டில் அடுப்பு அணையும். சொல்லாவிட்டால் ஒரு பெண் தன் வீட்டை விட்டு வாடகை அறையில் கிடப்பதற்குத் தானும் காவல்காரி.

இரண்டு ஞாயிறு காய்ச்சல் என்று சாட்டுச் சொன்னாள். மூன்றாம் கிழமை தனுஷா தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு என்னிலை ஏதும் கோவமோ?"

"உம்மிலை எனக்கென்ன கோவம்?"

"அண்ணையும் ஒரு மாதிரி இருக்கிறார், நீங்களும் வாறியளில்லை. என்னிலை ஏதும் பிழையெண்டால் சொல்லுங்கோ. எனக்குக் கிழமையிலை அந்த மூண்டு மணித்தியாலந்தான், அக்கா."

தயாளினி தொலைபேசியை வைத்தாள். பிறகு நளீருக்கு எடுத்தாள்.

"தம்பி, அந்த ஆயத்தக் கதை ஒண்டு எனக்கு வாங்கித் தாரும். உம்மடை கிறெடிற் காட்டாலை. காசு நாளைக்குத் தாறன்."

"அல்லாஹ்! மழை கொட்டப்போகுது. கடைத்தூள் எண்டனீங்கள்?"

"ஓம், எண்டனான்தான். இப்ப எனக்கு என்ரை கையாலை வறுத்தது வேண்டாம்."

அவள் ஏன் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. பட்டியலை அனுப்பினான். தயாளினி உறுதியின் மூலப்பத்திரம் பார்க்கிறவள்போல அதை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தாள். வாரிசு, சாசனம், பாழடைந்த மாளிகை, காணாமல்போன இளவரசி, ஒன்றும் வேண்டாம். கடைசியில் மீன்பிடி ஊரொன்றின் கோபுரத்து மணி தொலைந்துபோன கதை ஒன்று அகப்பட்டது. காணியில்லை, பூமியில்லை, குடும்பமில்லை. மணி இல்லாததால் பனிமூட்டத்தில் வள்ளங்கள் கரை தெரியாமல் அலைகின்றன, ஆட்டக்காரர்கள் மணியைக் கண்டுபிடிக்கவேண்டும். நாற்பது பக்கம். கொமினிக்கேசன் கடையில் அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டுக்கொண்டு வந்து மூன்றுதரம் வாசித்தாள். மூன்றாம்தரம் முப்பத்தோராம் பக்கத்தில் கொஞ்சம் கூட நேரம் நின்றாள். மணிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அந்தப் புத்தகத்தை ஐயாவின் மேசையில் வைத்தாள்.

"ஐயா, இதுதான் இனி நான் வாசிக்கப்போறது. ஆரோ வெளிநாட்டுக்காரன் எழுதி விக்கிறது. வாங்கின துண்டும் உள்ளுக்குக் கிடக்கு. என்ரை சொல்லெண்டு ஒண்டும் இல்லை."

ஐயா புரட்டிப் பார்த்தார். "என்ன இது, படமும் குட்டியுமா! சரி, சரி. எழுதினதை வாசிக்கிறது நல்லது. எழுதாததைச் சொல்லுறதுதான் பிழை" என்று திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் திருப்தி. ஒரு நொத்தாரிசுக்கு அச்சிலே இருப்பதைவிட வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கொட்டிலில் புத்தகத்தை மேசை நடுவில் வைத்துச் சொன்னாள், "இனி நான் கதை கட்டுறேல்லை. இதிலை உள்ளதை உள்ளபடி தமிழிலை சொல்லுறன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

வாகீசன் மாஸ்டரின் தோள் இரண்டு அங்குலம் இறங்கியதை அவள் பார்த்தாள். முதல் ஒரு மணித்தியாலம் ஆட்டம் நன்றாகவே போனது. நளீர் வள்ளக்காரர்களிடம் விசாரித்தான், மாஸ்டர் கோபுரத்தில் ஏறிக் கயிறு வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார், தனுஷா போகிற வழியிலேயே கடற்கரையில் விலைக்கு வீடு உண்டா என்று கேட்டாள். தயாளினி குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டு போனாள். பிறகு மூன்றுபேரும் கோபுரத்துக் காவல்காரனைப் பிடித்தார்கள். மணியை எடுத்தது அவன்தான்.

தயாளினி பக்கத்தைத் திருப்பினாள். முப்பத்தொன்று.

"காவல்காரன் சொல்லுறான்: நான் களவெடுக்கேல்லை. பத்திரப்படுத்தி வைச்சிருக்கிறன். நேரம் வரேக்கை எடுத்துக் குடுப்பன்."

 மாஸ்டரின் காது மடல் சிவந்தது.

"உது புத்தகத்திலை இல்லை" என்றார்.

"இருக்கு, மாஸ்டர்."

"இல்லை. இங்கிலீசிலை ஒண்டு இருக்கும், நீர் தமிழிலை ஒண்டைச் சொல்லுவீர். எனக்கு உம்மடை வேலை விளங்காதெண்டு நினைச்சீரோ? ஆரைக் குத்திக்காட்டுறீர்?"

நளீர் திகைத்துப்போனான். "மாஸ்டர், மணிக்காரன் சொன்னதுக்கு நீங்கள் ஏன் பாயிறியள்?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். தயாளினி வாதாடவில்லை. புத்தகத்தைச் சுற்றித் திருப்பி அவருக்கு முன்னால் தள்ளினாள்.

"நீங்களே வாசியுங்கோ. காவல்காரனை இனி நீங்களே நடத்துங்கோ. நான் வாய் திறக்கேல்லை."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருக்கு இங்கிலீசு நன்றாக வரும். கண் ஒருதரம் போய்த் திரும்பியது, இன்னொருதரம் போனது. பிறகு வேறு வழியில்லாமல், வகுப்பில் கணக்கு வாசிக்கிற குரலில் தமிழிலே வாசித்தார். "நான் களவெடுக்கேல்லை. பத்திரப்படுத்தி... வைச்சிருக்கிறன். நேரம் வரேக்கை எடுத்துக் குடுப்பன்." சொல்லுக்குச் சொல் அதுவேதான். 

தனுஷா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆய்வுகூடக்காரி. நாள் முழுக்கக் குழாயில் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பதே அவள் தொழில். மெல்லப் பகடையைக் கையில் எடுத்தாள்.

"ஆருக்காகப் பத்திரப்படுத்தினனீர்?" என்று தன் பாத்திரத்தின் குரலில் கேட்டு எறிந்தாள்.

பகடை மேசையில் உருண்டு, புத்தகத்தின் சுருள்கம்பியில் முட்டி நின்றது. பத்தொன்பது.

"உண்மை சொல்லவேணும்" என்றான் நளீர். "மாஸ்டர், புத்தகத்திலை என்ன பதில் போட்டிருக்கு?"

மாஸ்டர் பக்கத்தில் தேடினார். விரல் வரியோடு போனது. ஆயத்தக் கதையை விற்கிறவர்கள் எல்லாவற்றையும் எழுதி விற்பதில்லை. கொஞ்சத்தை ஆடுகிறவர்களுக்கென்று விட்டுவைப்பார்கள். அந்த இடத்தில் சாய்ந்த எழுத்தில் ஒரேயொரு வரிதான் இருந்தது: யாருக்காக என்று கேட்டால், அந்தப் பதிலைக் கதை நடத்துபவரே முடிவு செய்க.

அவர் எதையும் சொல்லித் தப்பியிருக்கலாம். ராசாவுக்காக என்றிருக்கலாம், கடலுக்காக என்றிருக்கலாம். ஆனால் தவறி விழுந்த எறியைக்கூடத் தன் வாழ்நாளில் ஒருதரமும் ஏற்றுக்கொள்ளாத மனிதர் அவர். பத்தொன்பது என்றால் பத்தொன்பது.  தயாளினி தன் கைகளை மேசைக்குக் கீழே கோத்துப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சிக்காக" என்றார்.

நளீர் சிரித்துவிட்டான். "மணிக்காரனுக்குத் தங்கச்சி இருக்கெண்டு எங்கை போட்டிருக்கு?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

"எங்கை வைச்சிருக்கிறியள், அண்ணை?" என்று கேட்டாள் தனுஷா. அது பாத்திரத்தின் குரல் இல்லை.

"அலுமாரியிலை. மேல் தட்டிலை." மாஸ்டர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பா உனக்குத்தான் எழுதினவர். நீ அப்ப பதினைஞ்சு வயது. உனக்காக ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைச்சது நான்தான். உனக்குக் கலியாணம் சரிவரேக்கை குடுப்பம் எண்டு இருந்தன். பிறகு நான் கட்டி, அவள் வந்து, இரண்டு அறை கூட்டிக் கட்டி... ஒவ்வொரு வருசமும் சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான்..."

தனுஷா ஒன்றும் கத்தவில்லை. பகடையை எடுத்து அண்ணனின் பைக்குள் போட்டாள். "நாளைக்குக் காலமை அதை எடுத்துக்கொண்டு நல்லூருக்கு வாங்கோ, அண்ணை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அழுதாளா என்று தயாளினியால் பார்க்கமுடியவில்லை. பார்த்திருந்தால் தானும் அழுதிருப்பாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அண்ணனும் தங்கச்சியும் கந்தோரில் நின்றார்கள். வாகீசன் மாஸ்டரின் கையில் மடிப்பு வெடித்த பழைய உறுதி. தனுஷா ஐயாவின் முன்னால் நிமிர்ந்து இருந்து, "இதின்ரை உறுதிப்படுத்தின பிரதி ஒண்டு எனக்கு வேணும்" என்றாள்.

ஐயாவின் பார்வை உறுதிக்குப் போகாமல் நேரே தயாளினிக்குப் போனது.  அவளுடைய பதின்மூன்று வருட வேலை ஒரு கயிற்றில் தொங்கியது.

"இது உமக்கு ஆர் சொன்னது, பிள்ளை?" என்று தனுஷாவிடம் கேட்டார்.

"அண்ணை சொன்னவர்."

"அண்ணையோ? ஆரும் தூண்டாமலோ?"

"நான்தான் சொன்னனான், ஐயா" என்றார் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு. "தயாளினி ஒரு சொல்லும் சொல்லேல்லை. அண்டைக்கு நான் வந்து அவவிலை முறைப்பட்டது பிழை. அது என்ரை மனச்சாட்சி செய்த வேலை."

ஐயா இறுமினார். கண்ணாடியைக் கழற்றியவர் துடைக்காமல் திரும்பப் போட்டுக்கொண்டார். லாச்சியிலிருந்து அலுமாரித் திறப்பை எடுத்துத் தயாளினியிடம் நீட்டி, இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு உறுதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அவள் எடுத்து வந்தாள். அந்தப் பக்கத்தைத் தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். நடராசாவின் கையெழுத்துக்குக் கீழே, பராயமடையாத தங்கைக்காக ஏற்றுக்கொள்கிறேன் என்று இருபத்திரண்டு வயது வாகீசனின் அழகான எழுத்து.

வந்தவர்கள் வெளி வாங்கில் காத்திருக்கப் போனார்கள். தயாளினி பிரதியை அடிக்கத் தொடங்கினாள். நாலெல்லை: வடக்கு ஒழுங்கை, கிழக்கு ஏரம்பு உரித்து. ஐயா அவளுடைய மேசைப்பக்கம் வந்து நின்றார். இப்படி அவர் எழுந்து வருவதில்லை.

"பிள்ளை, அந்த மாஸ்டர் போகேக்கை மணியெண்டும் காவல்காரனெண்டும் என்னவோ சொன்னான். அண்டைக்கு எனக்குக் காட்டின கதைப்புத்தகத்தை நீ முதலே வாசிச்சனியோ?"

"மூண்டுதரம், ஐயா."

"முழுக்கவோ?"

"முழுக்க."

ஐயா அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பார்வையில் கோபமில்லை. இத்தனை வருடமும் தன் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று இப்போதுதான் சந்தேகம் வந்த பார்வை.

"அப்ப ஒரு விசயம் கேக்கலாமோ?"

தயாளினி தட்டச்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"கேளுங்கோ ஐயா" என்றாள். "ஆனால் நான் சொல்லமாட்டன்."